கூப்பிட்டால் கேட்கிற தூரம்

எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீர் என்பது லாரியில் வருகிற சாமான். ஏதோ ஒரு வருடம் மழை தவறாமல் பெய்து ஆமத்தூர்க் கண்மாய் முக்கால்வாசி நிறைந்துவிட்டால், அதைப் பார்ப்பதற்கென்றே குடும்பத்தோடு போய்க் கரையில் நின்று, திருப்தியாகத் திரும்பி வருவோம். அப்பேர்ப்பட்ட வம்சத்தில் பிறந்த நாங்கள் எட்டுப் பேர் பாய்மரப் படகு ஏறிக் கடல்வழியாகப் போய், ஒரு படகு கிளப்பில் ராத்தங்கிவிட்டு வந்தோம் என்று சொன்னால் ஆபீஸில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். போய் வந்தது நாங்கள்.

எல்லாம் சித்தப்பா இழுத்துவிட்டது. அவர் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் இருந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு கிளப், வருடாவருடம் அந்தப் பிரஸ்ஸில்தான் காலண்டர் போடும். அந்த வருடம் படத்தில் கடலின் நீலம் அச்சு அசலாக வந்துவிட்டதாம். கிளப்பின் செயலாளர் குளிர்ந்துபோய், பொங்கல் லீவில் எங்கள் படகுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிக் கரையை ஒட்டியே தெற்கே போகும், அங்கே கிளப்புக்கு இன்னொரு கட்டடம் இருக்கிறது, சாப்பிட்டுத் தூங்கிவிட்டுக் காலையில் திரும்பலாம், போட்டி கீட்டி ஒன்றும் கிடையாது, சும்மா ஒரு ஜாலிக்கு, நீங்களும் வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார் பாவம். எங்கள் வீட்டில் அதை ஆர்டர் எடுத்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

சித்தப்பா உடனே செல்போனில் 'கடல் பயணம்' என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார். சித்தியைத் தவிர மற்ற எல்லோரிடமும் இருந்தது பட்டன் போன். அதனால் சித்தப்பா குரூப்பில் ஒரு செய்தி போடுவார், சித்தி அதற்குக் கட்டைவிரல் காட்டுவார், பிறகு சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அதை வாசித்துக் காட்டுவார். இப்படியாகத் திட்டம் மும்முரமாக நடந்தது.

திட்டம் போடும் இடம் எங்கள் வீட்டு முன் அறை. அத்தையும் மாமாவும் அடுத்த தெரு. அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள், எதற்கும் முதல் வாய் அவளுடையதுதான். கடலில் கரண்ட் இருக்குமா, ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா என்று கேட்டாள். இருக்காது என்றதும், பிறகு என்ன பெரிய கிளப் என்று முகத்தைச் சுளித்தாள். உண்மையில் அவளுக்குக் குலை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்பதால், மாமாவுக்குத்தான் தண்ணீர் என்றால் பயம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். மாமா வாயில்லாப்பூச்சி, அதையும் ஒத்துக்கொண்டார். கடைசியில் புளிச்சோறு, சாத்தூர்க் காராச்சேவு, வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம் என்று முடிவாயிற்று.

அப்பாவின் கவலை வேறு. அப்பா, அம்மா, அத்தை, மாமா நான்கு பேருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு மருந்து கலக்கிற வேலை, அம்மாவுக்குத் திரி வைக்கிற வேலை. எந்தப் புது இடத்தைப் பற்றிப் பேசினாலும் அப்பா அதைக் கம்பெனியாக வைத்துத்தான் யோசிப்பார். செயலாளரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். ஒரு படகில் எத்தனை ஆள் என்று கேட்டார். நான்கு பேர், அது போக ஓட்டுகிறவர் ஒருவர் என்றார் அவர். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கம்பெனியிலும் ஒரு அறைக்கு நான்கு பேர்தான், அதற்கு மேல் உட்காரக்கூடாது. ஆக இது ஒழுங்கான இடம்தான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அடுத்து, அவசரத்துக்கு வெளியே போக எத்தனை பக்கம் வழி என்று கேட்டார். சார், எந்தப் பக்கம் போனாலும் கடல்தான் சார் என்று பதில் வந்தது. சித்தப்பா சிரித்த சிரிப்பில் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டான்.

அப்புறம் அப்பா ஆட்களைப் பிரித்தார். எங்களுக்கு இரண்டு படகு. முதல் படகில் அம்மா, நான், தம்பி, மாமா. இரண்டாவதில் அப்பா, அத்தை, சித்தப்பா, சித்தி. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, ஏதோ முன்னாலேயே தெரிந்த விஷயம் மாதிரி தலையாட்டினார்கள். எனக்குத்தான் பகீரென்றது.

ஏன் என்று சொல்ல வேண்டும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருத்தி, ஊர்க்கதை எல்லாம் அவளிடம் இருக்கும். உங்கப்பாவும் அம்மாவும் ஒன்றாக எங்கேயும் போவதே இல்லையே, பேச்சுவார்த்தை கிடையாதா என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது வாஸ்தவம். ஒரே கம்பெனி, ஒரே நேரம், ஆனால் காலையில் முதல் வேனில் அம்மா போவாள், அடுத்த வேனில்தான் அப்பா போவார். கோயிலோ கல்யாணமோ, அம்மா எங்கள் இருவரோடும் பஸ்ஸில் ஏறுவாள், அப்பா பின்னாலேயே மொபட்டில் வருவார். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக அவருக்கு டாட்டா காட்டுவதுதான் எங்களுக்குப் பயணம். வீட்டில் ஒரு நாள்கூட அவர்கள் குரல் உயர்த்திச் சண்டை போட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பேசாத சண்டைதான் பெரிய சண்டை என்று அந்தப் பெருந்தலைவி சொல்லியிருந்தாள்.

அதனால் இந்தக் கடல் பயணத்தில் நான் வேறு ஒரு திட்டம் வைத்திருந்தேன். நாங்கள் நான்கு பேரும் ஒரே படகில் இருக்க, சித்தப்பா செல்போனில் ஒரு போட்டோ பிடிக்க வேண்டும். அதைப் பிரிண்ட் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் அவள் மூஞ்சிக்கு முன்னால் நீட்ட வேண்டும். அவ்வளவுதான். கடல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அப்பா பிரித்து முடித்ததும் நான் அழுதுகொண்டே, அப்பாவும் எங்கள் படகில்தான் வரவேண்டும் என்றேன். மாமாவை அங்கே போகச் சொல்லுங்கள் என்றேன். அத்தை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அம்மா தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா என்னை மடியில் இழுத்து உட்கார வைத்தார்.

"அடுத்த படகுலதான தாயி வாறேன். கூப்பிட்டா கேக்குற தூரந்தான். நீ எப்பக் கூப்பிட்டாலும் அப்பா பதில் சொல்லுவேன்."

இதில் எரிச்சல் என்னவென்றால், வீட்டிலும் ரோட்டிலும் பிரஸ் வாசலிலும் எந்நேரமும் சண்டை போடுகிறவர்கள் சித்தப்பாவும் சித்தியும்தான். அவர்களுக்கு மட்டும் ஒரே படகு. இது என்ன நியாயம் என்று எனக்கு ஆறவே இல்லை.

பொங்கல் முடிந்து கிளம்பினோம். படகுத்துறையில் காற்று ஆளைத் தள்ளியது. நாங்கள் எல்லோரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வேட்டியும் சேலையுமாக நின்ற கோலத்தைக் கிளப்காரர்கள் மரியாதைக்காகப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றியதும் ஒரு வேடிக்கை நடந்தது. துறையில் கயிறு கட்டுகிற இரும்புத் தூண் ஒன்று இருந்தது. அப்பா அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே அம்மா வைத்தாள், அத்தை வைத்தாள், மாமா வைத்தார். கம்பெனியில் மருந்து இருக்கிற அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கிற உலோகத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும், பொறி பறக்காது. வருடக்கணக்கான பழக்கம், கை தானாகப் போய்விட்டது. இது ஏதோ சாமி கும்பிடுகிற முறை என்று நினைத்துச் செயலாளரும் பயபக்தியோடு தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கிளப்காரர்களின் படகுகள் சும்மா விரலால் சுண்டிவிட்ட மாதிரி முன்னே போயின. எங்கள் படகை ஓட்டியவர் வயதானவர், நிதானமான மனிதர், வெற்றிலை போட்டுக்கொண்டே ஓட்டினார். அப்பா படகை ஓட்டியவன் கல்லூரி படிக்கிற பையன், கண்ணில் விரட்டு விரட்டு என்று ஒரு வேகம். நிச்சயம் எங்களை முந்திவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் படகு எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. நல்ல காற்று அடிக்கும்போது அதன் பாய் புடைத்து நிற்காமல், கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி படபடவென்று அடித்துக்கொள்ளும். எங்கள் அப்பா படகு ஓட்டை என்று தம்பி கத்தினான்.

அத்தை பழி சுமத்தியதற்கு மாறாக மாமா ஜம்மென்று உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டு வந்தார். அத்தை பின்படகில் எலுமிச்சம்பழத்தை மூக்கை விட்டு எடுக்கவே இல்லை. நான் கோபம் மறந்து விளையாட ஆரம்பித்துவிட்டேன். அப்பா என்று கூப்பிடுவேன், என்ன தாயி என்று தண்ணீரைத் தாண்டிச் சத்தம் வரும். ஒன்றுமில்லை என்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவேன். ஒரு தடவைகூட அந்தப் பதில் தவறவில்லை. அம்மா கடலைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை, வழி நெடுக அந்தப் பின்படகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கரை சேர்ந்தபோது எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கடைசிக்கு முந்தியது நாங்கள், கடைசி அப்பா. நானும் தம்பியும் மணலில் குதித்து, அப்பா கடைசி, அப்பா தோத்தாங்குளி என்று பாட்டுப் பாடினோம். அப்பாவும் சிரித்துக்கொண்டே எங்களோடு சேர்ந்து கைதட்டினார். ஓட்டி வந்த பையன் மட்டும் யாரிடமும் பேசாமல் பாயைச் சுருட்டினான்.

அன்று சாயங்காலம் மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்துக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. கிளப்காரர்கள் சுட்ட மீனையும் அத்தையின் புளிச்சோற்றையும் மாற்றி மாற்றித் தின்றோம். அப்பாவும் அம்மாவும் அலை வந்து காலைத் தொடுகிற இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு இவ்வளவு என்ன பேச்சு என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஆனாலும் சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் கிளப் வேனில் திரும்பினோம். அப்பாவும் அத்தையும் பின்னால் பஸ்ஸில் வந்தார்கள்.

போட்டோ எடுக்காமல் இல்லை. பின்படகிலிருந்து சித்தப்பா எடுத்தது. அதில் அம்மா, நான், தம்பி, காராச்சேவோடு மாமா. ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும், அது எங்களைப் பார்த்து உயர்த்திய அப்பாவின் கை. உங்கப்பா எங்கே என்று பள்ளிக்கூடத்தில் அவள் கேட்டாள். இந்தக் கைதான் என்றேன். அவள் சமாதானமாகவில்லை, நானும்தான்.

எனக்கு வேலை கிடைத்த வருடம் அம்மா கம்பெனியிலிருந்து நின்றாள். கொஞ்ச நாளில் அப்பாவும் நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக ஆட்டோ வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஏறியதும் அப்பாவும் வந்து எங்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் மொபட் எங்கே என்று கேட்டேன். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் சொன்னாள்.

"நாங்க கல்யாணம் முடிச்சதுமே பேசி வச்சதுத்தா. எங்கன போனாலும் சேந்து போகக்கூடாதுன்னு. கம்பெனில என்னைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? ஒங்களுக்கு ஒரு ஆளாச்சும் மிஞ்சணும்ல."

கம்பெனிக்காக வைத்த பழக்கம் ரோட்டுக்கும் வந்து, கடலுக்கும் வந்திருக்கிறது. அத்தையும் மாமாவும் அப்படித்தானாம். பிரஸ்ஸில் இருந்த சித்தப்பாவுக்கும் சித்திக்கும் மட்டும் அந்தக் கவலை இல்லை, நிம்மதியாக ஒரே படகில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தபோது இதைச் சொன்னேன். எதற்கும் சிரிக்கிற மனிதர் சிரிக்கவில்லை. அந்தப் பையன் நல்ல காற்று இருக்கிறது சார், முந்திவிடலாம் சார் என்று வழியெல்லாம் கெஞ்சினான் என்றார். பாயைத் தளர்த்திக் காற்றை வீணாக்கு என்று ஒவ்வொரு தடவையும் அப்பாதான் சொன்னாராம். சித்தப்பாவுக்கும் கடைசியாகப் போவதில் கோபம், ஏன் அண்ணே மானத்தை வாங்குகிறாய் என்று சண்டைக்குப் போயிருக்கிறார். அதற்கு அப்பா, "எம்புள்ள கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்லே" என்றாராம்.

அது எதுவும் தெரியாமல்தான் அன்றைக்கு மணலில் குதித்து, அப்பா தோற்றுவிட்டார் என்று பாடிக்கொண்டிருந்தேன்.