நீச்சல்: தெரியாது

நடைப்பயணக் குழுவை அழைத்து வந்த இளைஞன் ஆதர்ஷ் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை நீட்டியபோது, அது யாரோ ஒரு குழந்தைக்கு என்று நினைத்து நஞ்சுண்டன் திரும்பிப் பார்த்தார். பின்னால் சப்பாத்திக்கள்ளி மட்டும்தான் இருந்தது.

“உங்களுக்குத்தான் அங்கிள். ஃபார்ம்ல ‘நீச்சல் தெரியாது’ன்னு டிக் பண்ணியிருக்கு.”

ஆலன் நகரிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்தவரிடம் சொல்கிற சொல்லா இது? நஞ்சுண்டன் பவானிக்காரர். ஆடிப்பெருக்கு வெள்ளத்தில் காவிரியை நீந்திக் கடந்த கதையை, டெக்சஸ் வந்த இருபத்திரண்டு வருடங்களில் அவர் சொல்லாத பிறந்தநாள் விழா கிடையாது. சொல்லச் சொல்ல ஆறு அகலமாகிக்கொண்டே வந்தது. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம்; தன் கதையில் மட்டும் ஒரு பிழையும் அகப்பட்டதில்லை.

ஃபார்மை நிரப்பியது மனைவி தனபாக்கியம். தனக்கு ‘தெரியும்’ என்று வேறு போட்டிருந்தாள்.

காய்ந்த ஓடைப்படுகையில் மூன்று மைல் நடை. வழியில் மூன்று மடுக்கள். வெயில் நூற்றிரண்டு டிகிரி. அங்கிருந்த மரங்கள் முழங்காலுக்கு மட்டும் நிழல் தந்தன. ஜாக்கெட்டை அவர் அடுத்த வீட்டுக் குப்பையைப்போல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

முதல் மடுவில் எல்லோரும் இறங்கினார்கள். “இது மாடு குளிப்பாட்டற குட்டை,” என்று கரையில் நின்றார். இரண்டாவதில், “தண்ணி ஐஸாட்டம் இருக்கு, நரம்பு இழுத்துக்கும்,” என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

“அப்பா, ஜஸ்ட் வேர் இட்,” என்றாள் பதினாறு வயது வெண்பா.

“நீ போம்மா!”

மகள் முன்னால் போனதும் மனைவியைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

தனபாக்கியம் ஷூவைக் கழற்றிக் கல்லைக் கொட்டினாள். “யாரும் சொல்லலீங்க. அபார்ட்மென்ட் பூல்ல வெண்பா விழுந்தப்ப நீங்க நின்னீங்களே, அன்னிக்கே தெரியும்.”

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. குதித்துத் தூக்கியது லைஃப்கார்டு. ‘நானும் குதிக்கத்தான் போனேன், பாக்கெட்ல செல்போன் இருந்துச்சு,’ என்று அன்று அவர் சொன்னதற்கு இவள் தலையாட்டியிருந்தாள்.

“உனக்கு மட்டும் தெரியுமாக்கும்?”

“செவ்வாக்கெழம செவ்வாக்கெழம எங்க போறேன்னு நெனச்சீங்க?”

“சஷ்டி கவசம் படிக்க.”

“அது வெள்ளிக்கெழமைங்க. வீட்ல ஒருத்தருக்காச்சும் தெரியோணுமில்ல?”

அவள் பொய் சொல்லியிருந்தால் கத்தியாவது தீர்த்திருக்கலாம். நஞ்சுண்டன் ஒரு கல்லை எட்டி உதைத்தார். கல் நகரவில்லை, விரல்தான் வலித்தது. அந்தக் கல்மீதும் கோபம் வந்தது.

மூன்றாவது மடு, சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் பச்சையாக, ஆழமாகக் கிடந்தது. தனபாக்கியம் இறங்கினாள். சத்தமே இல்லாமல் நடு மடுவுக்குப் போய்விட்டாள்.

“அங்கிள், காவிரிய க்ராஸ் பண்ணவருக்கு இதெல்லாம் ஜுஜுபி! இறங்குங்க!” என்று ஆதர்ஷ் தண்ணீரிலிருந்து கத்தினான். அத்தனை தலைகளும் திரும்பின. வெண்பாவின் தலை மட்டும் வேறு பக்கம் பார்த்தது.

ஜாக்கெட் இல்லாமல் இறங்கினால் ஆள் மூழ்குவார். ஜாக்கெட்டோடு இறங்கினால் காவிரி மூழ்கும்.

“இந்தக் கண்றாவிய எப்பிடி மாட்டறது?” என்று சண்டைக்குப் போகிற குரலில் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது. வெண்பா மட்டும் கரையேறி வந்து, ஜாக்கெட்டின் பக்கிளை மாட்டிவிட்டாள்.

இறங்கினார். தண்ணீர் அவரைத் தூக்கிப் பிடித்தது.

“காலை உதைங்க,” என்றாள் தனபாக்கியம், பக்கத்தில் வந்து.

“தெரியும்!” என்று சீறிவிட்டு உதைத்தார். முன்னால் போகவேண்டியவர் இருந்த இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

“ம்… அப்புறம்? சொல்லித் தொலை,” என்றார்.