அண்ணனின் பிசகு

கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவள் வெட்டினால் அந்த ஒரு நூல்கூடக் கூடாது, குறையாது. மேசையில் கண்ணாடியைக் கிடத்தி, மண்ணெண்ணெயில் தொட்ட வெட்டுச் சக்கரத்தால் ஒரே இழுப்பு, அடியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். மரமென்றால் சீவிக்கொள்ளலாம், துணியென்றால் ஒட்டுப்போடலாம். கண்ணாடி அதற்கெல்லாம் மசியாது.

அளவெடுப்பது அண்ணன், வெட்டுவது தங்கை. அப்பா போன பிறகு இருவரும் சேர்ந்து தூக்கி நிறுத்திய கடை அது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சட்டத்தில் கண்ணாடி உட்காராவிட்டால், யாரால் நேர்ந்ததோ அவர் "என் பிசகு" என்று சொல்லிவிட வேண்டும். அதோடு முடிந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது, பின்னால் குத்திக்காட்டவும் கூடாது. தெரிந்து செய்தால் தப்பு, கை தடுமாறினால் பிசகு. தப்பு என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் வேலையே இருந்ததில்லை. பிசகுக்கு நிறைய வேலை இருந்தது, அதுவும் அண்ணன் வாயில். அவளும் சிரித்துக்கொண்டே வேறு கண்ணாடி எடுப்பாள்.

இப்படி இருக்கையில், ஒரு கட்டட முதலாளி பெரிதாகப் புதுக்கடை வைத்துத் தர முன்வந்தார். வெட்டுமேசை உனக்குத்தான், பெயர்ப்பலகையில் பாதி உனக்கு என்று அண்ணன் வாயாரச் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. வேலை எப்படி இருக்கிறதென்று பார்க்க, தான் கட்டிய மருத்துவமனையின் வரவேற்பறைக்கு ஓர் ஆளுயர நிலைக்கண்ணாடி கேட்டார் முதலாளி. அண்ணன் அளவு சொன்னார், அவள் வெட்டினாள். ஓரம் தேய்க்கவே ஒரு வாரம் பிடித்தது.

மாட்டப் போன இடத்தில் கண்ணாடி ஒரு விரற்கடை குட்டை. முதலாளி பார்த்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவர் சொன்ன அளவுக்குத்தான் வெட்டினாள், அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் முதலாளி முன்னால் அண்ணன் அவமானப்படுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"என் பிசகுதாங்க," என்றாள் முந்திக்கொண்டு.

அண்ணன் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, இந்தத் தடவை தானே அளவெடுப்போம் என்று அங்கே போனாள். சுவரில் வேறொரு கண்ணாடி ஏறியிருந்தது. ஓரம் தேய்த்து, மூலை உருட்டி, கனகச்சிதம். அண்ணியின் தம்பி திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். அவனும் கண்ணாடி வெட்டுகிறவன்தான்.

"இத எப்ப வெட்டினே?"

"போன வாரமே மாமா அளவு சொல்லிட்டாரேக்கா," என்றான் அவன், கள்ளங்கபடம் இல்லாமல். "உங்களுக்கு இப்பல்லாம் கை நடுங்குதாமே. புதுக்கடை மேசைய என்னையே பாத்துக்கச் சொல்லிட்டாரு."

கண்ணாடி கீறினால் உடனே வலிக்காது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலிக்கும். அவளுக்குப் படி இறங்கும்போதுதான் வலித்தது. கூடப் பிறந்தவர், ஒரே தட்டில் சாப்பிட்டவர். அந்நியன் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள். இதை எங்கே போய்ச் சொல்வது?

அவள் கடைக்கு வருவதற்குள் அண்ணனுக்குச் செய்தி எட்டியிருந்தது. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினார்.

"உன் அண்ணி நச்சரிப்பு தாங்கலம்மா. என் பிசகுன்னு வெச்சுக்க. விட்டுடு."

வழக்கப்படி இனி அவள் ஏன் என்று கேட்கக் கூடாது. அவளும் கேட்கவில்லை. வெட்டுச் சக்கரத்தைத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இதுல பிசகு எங்கண்ணே இருக்கு?" என்றாள். "எனக்கு ஒரு அளவு, அவனுக்கு ஒரு அளவு. நான் முந்திக்கிட்டுப் பழிய ஏத்துக்குவேன்னு அதையும் அளந்து வெச்சிருக்கீங்க. ஒரு நூல்கூடப் பிசகல."