முப்பது நல்ல மூளைகள்

வலிப்பு வருகிறவர்களின் மூளையைப் படம் பிடித்துவிட்டால் மட்டும் ஆராய்ச்சி ஆகிவிடாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட நோய்நொடி இல்லாதவர்களின் மூளையும் வேண்டும். 1996இல் வேலூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கிருபாவின் தலையில் விழுந்த வேலை அதுதான்: நல்ல மூளையாக முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

கூப்பிட்டதும் ஓடிவர அது என்ன கல்யாண விருந்தா? குழாய் மாதிரி இருக்கும் அந்த எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுத்தால் ஞாபகம் போய்விடும் என்று பக்கத்துச் சத்துவாச்சாரி வரைக்கும் பேச்சு. கிருபாவுக்குத் தெரிந்த ஒரே வழி ஆம்பூர். அவள் பிறந்த ஊர். அங்கே அவளுடைய அக்கா ஃபீபி ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக அடித்தோலுக்குச் சொல்யூஷன் என்கிற நெடியடிக்கும் பசையைத் தடவிக்கொண்டிருந்தாள். தங்கச்சி பௌதிகம் படித்து, மூளைப் படங்களை ஆராய்கிறவளாக ஆனது அந்தக் கைகளின் உழைப்பில். ஃபீபிதான் முதலில் மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு மெஷினுக்குள் படுத்தாள். அவள் முழுசாக வெளியே வந்ததைப் பார்த்துத் தெருவே கிளம்பியது. ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறினார்கள். எதிர்வீட்டு நசீமுன்னிசா டிபன் கேரியரோடு வந்தாள்.

படிவத்தைக் கிருபாவே நிரப்பினாள். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று அதில் ஒரு கேள்வி. தலைவலி வரும், அது எல்லாருக்கும் வருவதுதானே என்றார்கள். விரல் மரத்துப்போகும், அதுவும் எல்லாருக்கும்தான். கிருபாவும் அந்தத் தெருப் பெண்தானே. சிரித்துக்கொண்டே முப்பது பேருக்கும் 'தொந்தரவு இல்லை' என்று எழுதினாள்.

படங்கள் வந்தன. பதினோரு பேரின் மூளையில், இருக்கக் கூடாத வெள்ளைத் திட்டுகள். பதினோரு பேரும் ஷூ கம்பெனியின் சொல்யூஷன் ஹாலில் வேலை செய்கிறவர்கள். அதில் ஒரு படத்தைக் கிருபா மூன்று தடவை கழற்றிக் கழற்றி வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் ஃபீபியின் பெயர்தான் இருந்தது.

ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் சுந்தரமூர்த்தி கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவர் என்றால் மனசாரத் திட்டிவிட்டாவது போகலாம். அவர் பதறாமல், இவர்களுக்குப் பதிலாக நர்சிங் மாணவிகள் பதினோரு பேரைப் புதிதாகப் படம் எடுத்துவிடச் சொன்னார்.

"இவங்க நார்மல் இல்ல கிருபா. நம்ம ஸ்டடி வலிப்பைப் பத்தினது. இந்தப் படத்தையெல்லாம் ஓரமா எடுத்து வெச்சிடு."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இவங்க வேலைக்குப் போகணும் சார். அங்க போறதுக்கு நார்மல், உங்க பேப்பருக்கு மட்டும் நார்மல் இல்லியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டுரை சுத்தமான முப்பது மூளைகளோடு மாநாட்டுக்குப் போய்க் கைதட்டல் வாங்கியது. கிருபா தன் பெயரை அதிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த எட்டு வருஷம் பதவி உயர்வுப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை.

சொல்யூஷன் நெடிதான் பதினோரு பேரின் மூளையைக் கெடுத்திருக்கிறது, ஹாலில் காற்று போக வழி செய்யுங்கள் என்று கம்பெனிக்கு எழுதினாள். என்ன பதில் வந்தது தெரியுமா? தொழிலாளிகளுக்குத் தினமும் ஒரு வாழைப்பழம் தருகிறார்களாம். அந்தப் பதினோரு பேர் யார் யார் என்று சொன்னால், வேலையிலிருந்து நிறுத்திக் காப்பாற்றிவிடுவார்களாம். மூளையைக் கெடுத்தது போதாதென்று சோற்றிலும் கை வைக்கப் பார்த்த அந்தக் கடிதத்தை அவள் கிழித்துப் போடவில்லை. கோபம் ஆறிவிடக் கூடாது என்று மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி, வேலையை விடச் சொல்லிக் கெஞ்சினாள். ஃபீபி அசையவில்லை.

"நான் எழுந்தா அந்த ஸ்டூல்ல இன்னொருத்தி உக்காருவா. எங்க பேர எழுதாத. படத்தப் போடு."

அதற்கு ஒரு வழி பிறக்கவே 2004 ஆயிற்று. எத்தனையோ முறை மனு கொடுத்து, எத்தனையோ பேர் அறை வாசலில் நின்று, சொல்யூஷன் தடவுகிறவர்களைப் பற்றியே ஓர் ஆய்வுக்குக் கிருபா அனுமதி வாங்கினாள். முதல் காரியமாகப் பழைய படிவத்தைத் தூக்கி எறிந்தாள். எல்லாருக்கும் வருவதாக இருந்தாலும் சொல்லுங்கள் என்று புதுப் படிவத்தின் தலையிலேயே எழுதினாள்.

முதலில் வந்து உட்கார்ந்தவள் ஃபீபி. இப்போது அவள் வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் பேசுவாள். தலைவலி. ஜாக்கெட் கொக்கி மாட்டும்போது விரல் உணர்வில்லாமல் போவது. கையிலிருந்து கரண்டி நழுவுவது. போன மாதம் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றது. எழுத எழுத இரண்டு பக்கம் நிறைந்தது. கிருபா குனிந்த தலை நிமிராமல், இதையெல்லாம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

வீட்டுக்கு வழி மறந்தவளுக்கு அது மறக்கவில்லை.

"தலைவலி, கை மரத்துப்போறது, ரெண்டையும் அன்னிக்கே சொன்னேன் பாப்பா. நீதான் சிரிச்ச."