நீதிபதிக்கு வேறு குரல்

அந்த இத்தாலிய நடிகைக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் நான். இருபது வயதில் அவர் நடித்த முதல் படத்தில் பணக்கார வீட்டுச் சமையல்காரி. சென்னை ஸ்டுடியோவில் டப்பிங் பொறுப்பாளர், "நீ காஞ்சிபுரம்தானேம்மா? வீட்ல பேசற மாதிரியே பேசிடு" என்றார். பேசினேன். அடுத்ததில் மீன்காரி. அதற்கடுத்து ஆஸ்பத்திரி கூட்டுபவள். அவருடைய பழைய படங்களை வரிசையாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பேசுவதற்கு முன் அவர் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பார். அதைப் பிடித்தால்தான் வசனம் உதட்டில் உட்காரும். அது எனக்குப் பழகவே மூன்று படம் ஆனது.

பிறகு அவர் டிவிக்குப் போனார். நரைத்த தலையுடன் நீதிபதி வேடம். அவர் ஊரில் பெரிய பெயர் வாங்கித் தந்த தொடர் அது. தமிழில் அதற்கு என்னைக் கூப்பிடவில்லை.

டப்பிங் பொறுப்பாளரை நேரில் போய்க் கேட்டேன்.

"இது ஜட்ஜ் வேஷம்மா. உன் பேச்சுல ஊர் வாடை வந்துடும்."

"அந்தம்மாவுக்கு ரெண்டு வேஷத்துக்கும் ஒரே வாய்தானே சார்?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தமிழில் எம்.ஏ. படித்தவள். ஊர்ப் பேச்சு வேண்டும் என்று கேட்டு வாங்கியது அவர்கள்தான்.

"டெஸ்ட் அனுப்பறேன், கேட்டுட்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி. பகல் முழுக்கச் சுவர் அதிரும். அமாவாசையன்று மட்டும் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அதற்காகக் காத்திருந்தேன். ஃபேனை நிறுத்தி, தலைக்குமேல் போர்வையைப் போட்டுக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கும் காட்சியைப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன். அம்மா வாசலில் நின்று கீரைக்காரரைச் சைகையாலேயே விரட்டினாள்.

மறுநாள் பொறுப்பாளர் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா வேற பொண்ணுன்னு முடிவு பண்ணிட்டோம். ஜட்ஜ் வீட்ல பெருக்கற பொம்பளை ஒண்ணு வருது. அது உனக்குத்தான்."

நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"வேணாம் சார். ஜட்ஜா இருந்தா கூப்பிடுங்க."

"அப்புறம் எதுக்குமே கூப்பிட மாட்டாங்க, பார்த்துக்க."

போனை வைத்தேன். அவர் சொன்னபடிதான் நடந்தது.

தொடர் வந்ததும் அம்மாவும் நானும் போனில் பார்த்தோம். நீதிபதி தீர்ப்பு வாசித்தார். உதடு மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது? வாய மூடிக்கினு பேசுது அந்தம்மா."

"குரல் வேற பொண்ணும்மா."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

காட்சியைப் பின்னுக்குத் தள்ளி, ஒலியை அணைத்தேன். அவர் மூச்சிழுத்தார். தீர்ப்பை நானே முதலிலிருந்து வாசித்தேன். அன்று அமாவாசை இல்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது.