கோழி கொத்தாத காய்

ஜமுனாமரத்தூருக்கு அடுத்த ஊரில் சகுந்தலா அங்கன்வாடி ஊழியர். பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு எடை போடுகிறாள். ஒரு பிள்ளை இளைத்திருந்தால் தாயைக் குறை சொல்வதற்கு முன், நாலு கேள்வி கேட்டு, நகத்தையும் கண்ணையும் பார்ப்பாள். தன் வீட்டுத் தக்காளிப் பாத்தியில் மட்டும் அவளுக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.

பின்கட்டில் இருபது செடி வைத்திருந்தாள். காய் பிடித்த இரண்டாம் வாரமே ஓட்டை விழ ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பூவிழியின் ஐந்து கோழிகள் எந்நேரமும் கிளறிக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலை, நாலைந்து ஓட்டைக் காய்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் பூவிழியின் வாசலில் கொட்டினாள்.

"இன்னா பூவிழி, கோழி வளக்கிறியா, எந்தோட்டத்த அழிக்கிறியா?"

"என் கோழி இந்தாண்டதான்க்கா மேயுது. நீ பாத்தியா?"

"பாக்க வேற வேணுமா? தெருவே பாக்குது."

தெரு நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தது. பூவிழி அந்த வாரமே ஐந்தையும் கூடையில் போட்டுக் கலசப்பாக்கம் சந்தையில் விற்றுவிட்டு வந்தாள்.

கோழிகள் போய் ஆறு நாள் ஆயிற்று. ஓட்டைகள் நிற்கவில்லை.

அன்றுதான் சகுந்தலா ஒரு காயைப் பறித்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அலகு கொத்தினால் தோல் பிய்ந்திருக்கும். இதுவோ துளை போட்டதுபோல வட்டமாக இருந்தது. துளையில் பச்சைப் புழு ஒன்று பாதி உடம்பை வெளியே விட்டபடி தின்றுகொண்டிருந்தது. காம்பருகே அந்தப் புழுவின் ஈரமான கழிவு.

கண்ணமங்கலத்தில் விதைக்கடை வைத்திருக்கும் அண்ணன் குமரேசனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"காய்ப்புழும்மா. உள்ள போயிட்டா எந்த மருந்தும் எட்டாது. இளங்கொழுந்துல, பூவாண்ட கசகசா மாதிரி முட்டை இருக்கும், அதப் பாத்து நசுக்கு. ஓட்டைக் காயெல்லாம் பறிச்சி ஆழமாப் பொதைச்சிடு. வூட்டுக்குத் திங்கிறதுக்கு விஷம் வேணாம்."

புழுவுக்கு வழி தெரிந்துவிட்டது. பூவிழிக்கு?

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அவள் வாசலில் போய் நின்றாள். "கோழி இல்ல பூவிழி. புழு. நாந்தான் பாக்காம பேசிட்டேன்."

பூவிழி வாசல் கூட்டுவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கி தெருவுல நின்னு சொன்ன. இன்னிக்கி எங்காதுல வந்து சொல்ற."

சகுந்தலாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. நியாயம்தான். சாயங்காலம் தெருக்குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றபோது, புழு இருந்த காயையே கையில் வைத்துக் காட்டி, தப்பு தன்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பூவிழியும் வரிசையில் இருந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு தினமும் விடிந்ததும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது சகுந்தலாவின் வழக்கமாயிற்று. வெயில் தாழ்ந்ததும், லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலக்கி வாரம் ஒருமுறை தெளித்தாள். பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி வைத்தாள். புழுவின் தாயான அந்துப்பூச்சி அதன் பூவில்தான் முதலில் முட்டையிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். முதல் காய்ப்பு முக்கால்வாசி மண்ணுக்குள் போயிற்று. அடுத்ததில் பாதிக்குமேல் தேறியது.

சந்தையிலிருந்து ஒரு சோடி கோழிக்குஞ்சு வாங்கி வந்து பூவிழியிடம் நீட்டினாள். பூவிழி வாங்கிக்கொண்டாள். பேச்சு மட்டும் இல்லை.

ஒரு மாதம் கழித்து வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "அக்கா, என் கத்திரிக் கொழுந்தெல்லாம் தொங்குது. எவனாவது சுடுதண்ணி ஊத்திட்டானா தெரில."

சகுந்தலா கத்தியோடு போனாள். "எனக்கும் தெரியாது. அறுத்துப் பாக்கலாம், வா."

இருவரும் குந்தி உட்கார்ந்து, வாடிய தண்டை நீளவாக்கில் பிளந்தார்கள்.