சிப்பாய் சிலை எந்த ஸ்டாப்?

துடியலூரில் எங்கள் லைன் வீடுகளில் விமானம் ஏறிய ஒரே ஆள் குழந்தையம்மாள் அக்காதான். சும்மா இல்லை, ஜெர்மனி வரைக்கும் போய் வந்தவர். "ஊரெல்லாம் எப்படிங்க்கா இருந்துது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "சிலையாப் பாத்தேனுங்க" என்று ஒரே பதில். நான் சாஜிதா, அடுத்த வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். எனக்கு மட்டும் முழுவதையும் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாக.

அக்காவுக்கு ஒரே மகன் ஆல்வின். கணவர் இறந்தபின் மில் முதலாளி கோவிந்தராஜுலு வீட்டில் சமைத்துத்தான் அவனை வளர்த்தார். லேத் பட்டறையில் நல்ல பெயர் எடுத்த பையன். எந்தக் கட்டையில் போகிறவன் காதில் ஓதினானோ, தொண்ணூற்றொன்றில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து, மாஸ்கோ வழியாக ஜெர்மனிக்குப் போனான். இலங்கைக்காரன் என்று சொன்னால் அங்கே தங்க விடுவார்களாம், அதற்கு வேறு பெயரும் வைத்துக் கொடுத்தார்களாம். என்ன பெயர் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒரு போட்டோ வந்தது. ஊர் திரும்பிய யாரோ கொண்டுவந்து சென்னையில் தபாலில் போட்டிருந்தார்கள். அதோடு சரி. ஏஜென்ட்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது ஸ்வீட் ஸ்டால் நடக்கிறது. அங்கே நின்று மிக்சர் தின்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

போட்டோவில் ஆல்வின் ஒரு கல் சிப்பாயின் பூட்ஸ் மேல் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். பின்னால் தேவாலயக் கோபுரம் இரண்டு தெரிகிறது. ஒன்று முழுசு, இன்னொன்று தலை போய் மொட்டையாக நிற்கிறது.

தொண்ணூற்றைந்தில் கோவிந்தராஜுலு ஜெர்மனிக்குக் கிளம்பினார். இரண்டாகக் கிடந்த நாடு ஒன்றானபின் கிழக்குப் பக்கத்தில் மில்கள் மூடிக்கொண்டிருந்தன. பழைய மெஷின் சல்லிசாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். அவருக்கு வயிற்றில் புண், அக்கா வைக்கும் ரசம் இல்லாமல் சோறு இறங்காது. அதனால் மனைவியையும், ஜெர்மன் பேசத் தெரிந்த இன்ஜினியர் பாலகோபாலையும், ரசம் வைக்க அக்காவையும் கூட்டிப் போனார். அவர் கேட்டு வாயை மூடுவதற்குள் அக்கா "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டாராம். மகனுக்காக ஒரு பாட்டில் பருப்புப் பொடி இடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அக்கா நினைத்தது இதுதான். நம் ஊரில் ஒரு சிலையைச் சொன்னால் கண்டக்டர் சரியான ஸ்டாப்பில் இறக்கி விடுகிறார். அங்கேயும் அப்படித்தானே இருக்கும்? விமான நிலையத்தில் யூனிபார்ம் போட்டிருந்த ஒருவரிடம் போட்டோவை நீட்டி, "சிப்பாய் சிலை எந்த ஸ்டாப்புங்க?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார். அந்த மனிதர் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னாராம்.

முதலாளிக்குச் சண்டைக் கதை என்றால் பைத்தியம். மெஷின் பார்த்த நேரம் போக, வேனில் ஏறிப் பழைய ஊர்களையும் போர் நினைவிடங்களையும் பார்ப்பதுதான் வேலை. அங்கேதான் அக்காவுக்கு அடி விழுந்தது. அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ஒரு கல் சிப்பாய் நின்றான். ஓர் ஊரில் கொடி பிடித்திருந்தான், இன்னோர் ஊரில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். ஒவ்வோர் இடத்திலும் வேன் நிற்பதற்குள் இறங்கி ஓடி, போட்டோவை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இல்லீங்க" என்று திரும்பி வருவார். முதலாளி சிலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். ராத்திரி ஹோட்டல் குளியலறையில் கரண்ட் குக்கரை வைத்து ரசத்துக்குத் தாளிக்கும்போது அக்கா அழுவாராம். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது என்றார்.

ஓர் இடத்தில் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாலகோபாலிடம் கேட்டார்.

"செத்த சிப்பாய்ங்க பேருங்க்கா. அடியிலதான் பொதச்சிருக்காங்க."

அக்கா போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தார். செத்தவர்கள் கல்லின் மேலா பையன் கையை வைத்துக்கொண்டு சிரித்தான்? அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா, எல்லோரும் ஏற்றுகிறார்களே என்று, சிவப்புக் கண்ணாடிக்குள் இருந்த மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கிவந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாமுங்கம்மா. மகனத் தேடி வந்த எடத்துல இத எங்கையில குடுக்காதீங்க."

கடைசி ஞாயிற்றுக்கிழமை போன ஊரில், வேன் திரும்பும்போதே அந்த மொட்டைக் கோபுரம் தெரிந்தது. சிப்பாயும் அவனேதான். அக்கா போய் பூட்ஸ் மேல், ஆல்வின் கை இருந்த இடத்தில், தன் கையை வைத்தார். பிறகு எதிரே இருந்த ரொட்டிக் கடைக்கு ஓடினார். கடைக்காரி போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னதைப் பாலகோபால் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். வெளிநாட்டுப் பையன்களை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் தங்க வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய்க் கல்லெறிந்து, தீ வைத்தார்கள். மறுநாள் போலீஸ் வந்து எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கே என்று தெரியாது.

"யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சான்னு கேளுங்க தம்பி."

கேட்டார். கடைக்காரி ரொட்டியை அடுக்கிக்கொண்டே தெரியாது என்று தலையாட்டினாளாம். ஊருக்குள்ளேயே ஒரு கட்டடம் எரிந்திருக்கிறது, இவளுக்குத் தெரியாதாம். நான் அங்கே இருந்திருந்தால் அந்த ரொட்டியைத் தூக்கி வீசியிருப்பேன்.

அக்கா திரும்பி வந்து சிப்பாயின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரலீங்க. நீங்க போங்க. அவன் இந்தப் பக்கம் வருவான்."

முதலாளி அதட்டிப் பார்த்தார். முதலாளியம்மா கெஞ்சினார். கடைசியில் பாலகோபால் பக்கத்தில் குந்தி, "அக்கா, பாஸ்போர்ட் மொதலாளிகிட்ட இருக்குது. அது இல்லாம இங்க உக்காந்திருந்தா போலீஸ் புடிச்சுட்டுப் போய் கேம்ப்புல போட்டுருவாங்க" என்றார்.

"அங்கயே போடச் சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா. "அவனயும் அங்கதானே போட்டிருப்பாங்க. நான் தேடாமயே போய்ச் சேந்துக்கறேன்."

பாலகோபால் அழுதுவிட்டார். அப்புறம் அவரும் முதலாளியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் அக்காவை வேனில் ஏற்றினார்கள். அதற்கு முன்னால் அக்கா பருப்புப் பொடி பாட்டிலை எடுத்துப் பூட்ஸ் பக்கத்தில் வைத்தார். சுற்றிலும் சிவப்பு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன.

ஊருக்கு வந்தபின் முதலாளி, குறை சொல்லக் கூடாது, தூதரகத்துக்கு எழுதினார். ஆல்வின் என்று யாரும் இல்லை என்று பதில் வந்தது. எப்படி இருப்பான்? அவன் பெயரை இங்கேயே விட்டுவிட்டல்லவா போனான்.

அந்த வருடத்திலிருந்து கல்லறைத் திருநாளுக்கு அக்கா கல்லறைத் தோட்டத்துக்கே போகவில்லை. கணவர் கல்லறையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தால் அது மகனையும் சேர்த்துக்கொண்டுவிடும் என்று பயம். இந்த வருடம், தொண்ணூற்றொன்பது நவம்பரில், சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார்.

"அம்மணி, கல்லறை வரைக்கும் கூட வாரீங்களா?"

போனோம். கணவர் கல்லறையில் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிச் செபம் சொன்னார். பிறகு தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடிக்கு என்னைக் கூட்டிப் போனார். செத்துப்போய், கல்லறை எங்கே என்று தெரியாதவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவார்களாம். பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத நீங்க ஏத்துங்க அம்மணி. நீங்க எங்க வேதம் இல்ல, உங்க கையில ஏத்துனா இது கணக்குல சேராது. அவன் இருந்தான்னா ஒண்ணும் ஆகாது." மெழுகுவர்த்தியை என் கையில் வைத்து அழுத்திவிட்டுச் சொன்னார், "இல்லீன்னா, இருட்டுல கெடக்க மாட்டான்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏஜென்ட் மேல், ரொட்டிக்காரி மேல், போட்டோவில் சிரிக்கிற ஆல்வின் மேலும்தான். தீப்பெட்டியை வாங்கினேன். அக்கா சிலுவைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். காற்றில் இரண்டு குச்சி அணைந்து, மூன்றாவது பிடித்தது.

"ஆச்சுங்களா?" என்றார்.

"ஆச்சுங்க்கா."

திரும்பிப் பார்க்காமலே கேட்டை நோக்கி நடந்தார்.