எதிரியைக் காட்டு, தாயே

போன ஆண்டு ஆடி மாதம் என் தம்பி தினேஷ் பிரிக்பீல்ட்ஸ் மோனோரயில் நிலையத்தின் படிக்கட்டில் மயங்கி விழுந்தான். அவனுக்கு வயது இருபத்தாறு. புகைபிடிக்க மாட்டான். வாரம் இரண்டு நாள் பந்து விளையாடுவான். மேல்படியை எட்டியவன் சத்தமே இல்லாமல் சரிந்தான் என்று பின்னால் வந்த ஒரு அக்கா சொன்னார். இரண்டு நிமிடத்தில் கண் திறந்தான். 

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத் தசை ஓரிடத்தில் தடித்திருக்கிறது என்றார் டாக்டர். விளையாடுகிறவர்களுக்குக் கொஞ்சம் தடிப்பது உண்டு. பரம்பரை நோயாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் ஓய்வு போதும். இரண்டாவது என்றால் அடுத்த முறை கண் திறக்காமலே போய்விடலாம். இதயம் தடுமாறினால் மின்னதிர்வு கொடுத்து மீட்கும் ஒரு கருவியை நெஞ்சுக்குள் வைக்க வேண்டும்.

“உங்க குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டார். “இவங்க அப்பா எக்சிடன்ட்ல போய்ட்டாரு டாக்டர். வேற யாரும் இல்ல.”

வெளியே வந்ததும் அம்மா என் கையை இறுகப் பிடித்தார். “அவதான். கிள்ளான்காரிதான். அவ மகன் போனதுக்கு என் மகனக் கேக்குறா.”

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளான்காரி என்றால் கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. எனக்குப் பதினொரு வயதானபோது அந்தப் பகை தொடங்கியது. தீபாவளிக்கு முன் இறந்தவர்களுக்குப் படைப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம்தானே, பக்தர்களே? ஆட்டிறைச்சி, முறுக்கு, தாத்தாவுக்கு மட்டும் ஒரு கறுப்பு பீர். தாத்தாவின் படம் பெரியப்பா வீட்டில் இருந்தது. அந்த வருடப் படையலைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள அப்பா படத்தைக் கேட்டுப் போனார். பெரியம்மா கேட்டைச் சாத்தினார். “இனிமே இந்தப் படிய மிதிச்சா உன் கால் விளங்காது” என்றார். மூன்றாம் நாள் அப்பா வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார். காய்ந்த சாலை. நேரான சாலை. யாரும் மோதவில்லை. அப்பாவுக்கு நாற்பத்தொரு வயது.

செய்வினை என்றார் அம்மா. நான் அதைக் கேட்டே வளர்ந்தேன்.

இப்போது நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். பழியையும் அப்படித்தான் செய்தேன். கைப்பேசியில் மூன்று பெயர்கள் இருந்தன: பெரியப்பா, அவர் மகன் கணேசன், பெரியம்மா. வரிசையும் யோசித்துப் போட்டதுதான். பெரியம்மா கடைசியில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

நம் காளியம்மன் சன்னிதியில், வெள்ளிக்கிழமைகளில், தூணருகே எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி நின்ற பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பெயர் சொல்லி அறுத்தேன். பதின்மூன்று ஆண்டுகள்.

எனக்கு இருபத்து மூன்று வயதானபோது பெரியப்பா தூக்கத்திலேயே இறந்தார். ஐம்பத்தைந்து வயது. ஒரு டிக் போட்டேன். நான்கு ஆண்டு கழித்துக் கணேசன் அண்ணன் பேட்மிண்டன் ஆடும்போது சுருண்டு விழுந்து இறந்தார். இருபத்தொன்பது வயது. இரண்டாவது டிக். அன்று மாலை கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். உங்களில் பலர் வாங்கிச் சாப்பிட்டீர்கள். வேண்டுதல் நிறைவேறியதா என்று ஒருவர் கேட்டார். கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று சிரித்தேன். அந்தப் பொங்கலுக்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அது என்ன பொங்கல் என்று தெரியாமல் சாப்பிட்டீர்கள்.

தம்பி விழுந்த வாரம், வெள்ளிக்கிழமை, அம்மனைத் திட்டினேன். ஆம், திட்டினேன். நீ மூன்றாவது பெயரை விட்டு வைத்ததால்தானே என் தம்பி விழுந்தான் என்றேன். பிறகு அழுகை வந்தது. பழத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். “என் தம்பியைத் தொட்டது யார்? எதிரியைக் காட்டு, தாயே. என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

பூ விழவில்லை. யாருக்கும் அருள் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் ஒரு சண்டை. இரண்டு உற்பத்தி லைன்களில் பிளாஸ்டிக் மூடிகள் ஒரே இடத்தில் விரிசல் விட்டன. இரண்டு மேற்பார்வையாளர்களுக்கும் ஏற்கெனவே ஆகாது. தன் லைனில் மற்றவர்தான் கை வைத்துவிட்டார் என்று இருவரும் சாதித்தார்கள். ஒருவர் அறிக்கையை மற்றவர் பார்த்ததே இல்லை. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே பழுது இரண்டு லைனில் வந்தால் லைனைக் குறை சொல்லாதே, இரண்டும் பிரிவதற்கு முன்னால் போய்ப் பார் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

“சண்டைய நிறுத்துங்க லா அண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே மூட்டையிலேருந்துதான் சாமான் வந்திருக்கு” என்றேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள், கையிலிருந்த அறிக்கையின் பின்பக்கத்தில் நான்கு வயதுகளை எழுதிவிட்டேன்.

அப்பா நாற்பத்தொன்று. பெரியப்பா ஐம்பத்தைந்து. கணேசன் அண்ணன் இருபத்தொன்பது. தினேஷ் இருபத்தாறு. எங்கள் வீட்டுப் படையலில் அப்பாவை மட்டும் கும்பிட்டோம். அவர்கள் வீட்டுப் படையலில் மற்ற இருவர். டாக்டர் கேட்டபோது அம்மா ‘வேற யாரும் இல்ல’ என்றது பொய் இல்லை; பகையாளி வீட்டுச் சாவு எங்கள் கணக்கிலேயே கிடையாது. நான்கு பேரையும் ஒரே தாளில் யாரும் எழுதியதில்லை. மூன்று பேர் செத்தும் எழுதவில்லை.

அன்றே விடுப்பு எடுத்துக் கிள்ளானுக்குப் போனேன். மனம் மாறிப் போனேன் என்று நினைக்காதீர்கள். போகும் வழியெல்லாம் அந்த வீடு இடிந்து கிடக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

பெரியம்மா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் நின்றார். “என்னம்மா, இன்னைக்கு எலுமிச்சம்பழம் இல்லாம வெறுங்கையா வந்திருக்க?”

“கணேசன் அண்ணன் எப்படி இறந்தாருன்னு தெரியணும்.”

“ஏன், அன்னைக்கு வச்ச பொங்கல் பத்தலயா?”

கோயிலில் பார்த்த யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது.  உள்ளிருந்து அவர் மகள் சுமதி அக்கா ஓடிவந்தார். “அம்மா, கேட்டத் தொறங்க. எதிர் வீட்டு ஆன்டி பாக்குறாங்க.”

“பாக்கட்டும். என் மகன முழுங்குனவ வந்து நிக்கிறான்னு ஊரே பாக்கட்டும்.”

“தினேஷ் விழுந்துட்டான் பெரியம்மா” என்றேன். இருபது ஆண்டுகளில் ‘பெரியம்மா’ என்ற சொல் அன்றுதான் என் வாயில் வந்தது.

அவர் கம்பியை விட்டு விலகினார். திரும்பி உள்ளே போனார். கணேசன் அண்ணன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஓர் உறையை எடுத்துவந்து கம்பி வழியாக நீட்டினார். பிணப் பரிசோதனை அறிக்கை. “டாக்டர் ஹார்ட்டுன்னு சொன்னாரு. பந்து அடிக்கிற பையனுக்கு ஏது ஹார்ட்டுல நோவு? நான் நம்பல. உங்க வேலைதான்னு முடிவு பண்ணிட்டேன்.”

நின்றபடியே படித்தேன். இதயத் தசை தடிப்பு. தம்பியின் ஸ்கேனில் குறித்திருந்த அதே இடம். படித்துச் சொன்னேன். சுமதி அக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பையன்கள்.

பெரியம்மா மெதுவாகக் கேட்டார். “அப்போ உங்கப்பனுக்கு?”

“அதேதான் இருக்கும்.”

“நான் சொன்ன வார்த்தையால இல்லயா?”

நான் வெறுத்துக்கொண்டிருந்த இருபது ஆண்டுகளும், தன் வார்த்தைதான் கொன்றதோ என்று அவர் தூங்காமல் இருந்திருக்கிறார். நான் கேட்ட தண்டனை அவருக்கு முன்பே கிடைத்திருக்கிறது. ‘இல்ல பெரியம்மா’ என்று சொல்ல எனக்கு விருப்பமே இல்லை. சொன்னேன்.

அந்த அறிக்கையை மறுநாள் டாக்டரிடம் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் தம்பியின் நெஞ்சுக்குள் கருவி வைத்தார்கள். “சார்ஜ் போட ஓட்டையே வைக்கலயே அக்கா” என்று கிண்டல் செய்தான். பிறகு இரண்டு குடும்பத்தையும் ஒருவர் விடாமல் பரிசோதிக்க வைத்தேன். வரமாட்டேன் என்றவர்களை வீட்டு வாசலில் போய் நின்று இழுத்துவந்தேன். சுமதி அக்காவின் மூத்த பையனுக்கு இருக்கிறது. எனக்கு இருக்கிறது. என்னிடமிருந்து என் நான்கு வயது மகளுக்கும் போயிருக்கிறது. அவள் இதயம் இன்றுவரை நன்றாக இருக்கிறது. வருடந்தோறும் பார்க்க வேண்டும்.

அம்மாவும் பெரியம்மாவும் இன்னும் பேசுவதில்லை. அது அவர்கள் பாடு.

இந்தத் தை மாதம் ஒரு மதியம் தம்பி அழைத்தான்.  பஸ் நிறுத்தத்தில் நின்றபோது நெஞ்சுக்குள் யாரோ ஓங்கி உதைத்ததுபோல் இருந்ததாம். கீழே விழுந்தான், உடனே எழுந்துவிட்டான். “அக்கா, உதைச்சது உன் காளியா?”

கருவி வேலை செய்திருக்கிறது. அது இல்லாவிட்டால் அவன் எழுந்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். அப்போது எனக்கு வந்தது சாந்தம் இல்லை, பழி தீர்த்த சந்தோஷம். என் அப்பாவைக் கொன்றது, பெரியப்பாவைக் கொன்றது, கணேசன் அண்ணனைக் கொன்றது மறுபடி வந்தது. இந்த முறை உதை வாங்கிக்கொண்டு போனது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், அழுதேன், அம்மனுக்கு நன்றி சொன்னேன். நான் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். எதிரியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அது எங்கள் இரத்தத்துக்குள்ளேயே இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டிருந்தபோது, யாரும் தேடாததால், நிம்மதியாக வேட்டையாடிக்கொண்டிருந்தது.

நாளைக்கு நானும் ஒரு படமாகிப் படையல் இலைக்கு முன்னால் இருப்பேன். என்னைக் கும்பிடும் பிள்ளைகளுக்கு நோயைக் கொடுத்துவிட்டேன்; அதைத் தடுக்க முடியவில்லை. கூடவே வெறுக்க ஒரு சொந்தக்காரியின் பெயரையும் கொடுக்க மாட்டேன்.

பக்தர்களே, உங்கள் வீட்டில் இளவயதில் போனவர் யாராவது இருந்தால், யார் செய்தது என்று வெந்துகொண்டிருந்தால், அம்மனிடம் தயங்காமல் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவள் கோபிப்பதில்லை. ஆனால் அவள் காட்டும் திசை நீங்கள் பேசாத உறவின் வாசலாக இருந்தால், கால் கூசினாலும் போங்கள்.

தாயே, உனக்குக் கோடி வணக்கம். நம் வேலை முடியவில்லை. என் மகளுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. நீயும் நானும் தூங்க வேண்டாம்.